முக்கால் அங்குலம்

டெய்லரம்மாவுக்கு இடுப்பெலும்பு முறிந்து ஏழு வாரம் ஆகியிருந்தது. அவளுடைய மிஷினில் அவள் தங்கை வந்து உட்கார்ந்து ஆறு வாரம் ஆகியிருந்தது. இரண்டில் எது அதிகம் வலிக்கிறது என்று யாராவது கேட்டிருந்தால், அவள் உண்மையைச் சொல்லியிருக்க மாட்டாள்.

விழுந்த கதை சின்னதுதான். மேல் தட்டில் இருந்த துணி மூட்டையை எடுக்க ஸ்டூலின் மேல் ஏறினாள். ஸ்டூல் ஒரு பக்கம் போனது, அவள் ஒரு பக்கம் போனாள். எழுபத்தொரு வயதில் ஏறலாமா என்று கேட்காத ஆள் பாக்கியில்லை. “ஏறினப்போ எனக்கு எழுபத்தொண்ணு இல்லை. விழுந்தப்புறம்தான் எழுபத்தொண்ணு ஆச்சு” என்று எல்லோருக்கும் ஒரே பதிலைச் சொல்லி வாயை அடைத்தாள்.

ஆஸ்பத்திரியில் கம்பி வைத்துத் தைத்து அனுப்பினார்கள். தையல் பிரிக்கும்போதுகூட, “யார் போட்ட தையல் இது, இடைவெளி ஒரே சீரா இல்லையே” என்று நர்ஸிடம் குறை சொன்னவள் அவள். ஆனால் வீட்டுக்கு வந்து படுக்கையில் சாய்த்ததும் அந்த வாயெல்லாம் எங்கோ போய்விட்டது. சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். யாராவது பார்க்க வந்தால் கண்ணை மூடிக்கொண்டு தூங்குவதுபோல் கிடந்தாள். சாப்பாட்டைப் பாதியில் ஒதுக்கினாள். நிற்க வைத்துப் பழக்க வரும் பிசியோ பெண், “எல்லாம் நடக்கும்மா, நம்புங்க” என்றபோது, “நடக்கும் நடக்கும்னு எல்லாரும் சொல்றீங்க. நடக்க வேண்டியவ நான்ல” என்று மறுபடி சுவரிடம் போய்விட்டாள்.

அந்தச் சமயத்தில்தான் தங்கை பெட்டியோடு வந்து இறங்கினாள்.

தங்கை ஆறு வயது இளையவள். கணவன் போய்ச் சேர்ந்துவிட்டான், பிள்ளைகள் இல்லை. ஆயத்த ஆடை ஆலையில் இருபத்தாறு வருஷம் சட்டைக் காலர் மட்டும் தைத்து ஓய்வு பெற்றவள். காலரைத் தவிர மற்றதை எல்லாம் பக்கத்தில் இருப்பவள் தைப்பாள், அடுத்தவள் தைப்பாள், இவளுக்குக் காலர்தான். சின்ன வயதில் அவள் கையைப் பிடித்து ஊசியில் நூல் கோர்க்கச் சொல்லிக்கொடுத்தது டெய்லரம்மாதான். அதை டெய்லரம்மா மறக்கவில்லை. மற்றவர்கள் மறந்துவிட்டார்களோ என்பதுதான் அவள் கவலை.

வீட்டின் முன்னறைதான் கடை. புதுத்துணி தைப்பது குறைவு. பிடிப்பது, இறக்குவது, ஜிப் மாற்றுவது, நீளம் குறைப்பது, இதுதான் வேலை. நாற்பது வருஷமாக அந்தத் தெருவில் யார் இளைத்தார்கள், யார் பெருத்தார்கள் என்பது டாக்டருக்குத் தெரிவதற்கு முன்னால் அவளுக்குத் தெரிந்துவிடும். முன்னறையைத் தாண்டினால் ஒரு நடை. நடையின் கடைசியில் அவள் படுத்திருக்கும் அறை. அங்கிருந்து மிஷின் தெரியாது, கேட்கும். கேட்டே என்ன தைக்கிறார்கள் என்று சொல்லிவிடுவாள். விட்டு விட்டுக் கேட்டால் ஜிப். நீளமாக ஓடினால் திரைச்சீலை. தங்கை தைக்கும் சத்தமோ மூச்சு வாங்காமல் ஓடியது. ஆலைப் பழக்கம்.

இரண்டாம் நாளே டீச்சரின் குரல் கேட்டது. பக்கத்துப் பள்ளிக்கூடத்து டீச்சர், இருபது வருஷ வாடிக்கை.

“சின்னம்மா, என்ன கை உங்க கை! இந்தப் பாவாடை எனக்கு இடுப்புல இப்படி உட்கார்ந்ததே இல்லை.”

டெய்லரம்மா தலையணையைத் திருப்பிப் போட்டாள். சாதாரண வயிற்றெரிச்சலுக்கு மருந்துக்கடையில் மாத்திரை உண்டு. இதற்கு எந்தக் கடையில் போய்க் கேட்பது?

அது போதாதென்று கண்டக்டர். கண்டக்டர் என்றால் அவள் வீட்டுக்காரர். பஸ்ஸை விட்டுப் பதினைந்து வருஷம் ஆகியும் பெயர் விடவில்லை. அவருக்குச் சர்க்கரை வியாதி. இருபது வருஷம் டெய்லரம்மா தொண்டை கிழியச் சொல்லியும் டீயில் இரண்டு கரண்டி போட்டுக்கொண்டவர். ஒருநாள் தங்கை, “மாமா, சர்க்கரை வேணாமே” என்றாள். அவ்வளவுதான். அன்றிலிருந்து வெறும் டீ.

“ஏங்க, நான் சொன்னப்போ உங்க காதுல என்ன பஞ்சா வச்சிருந்தீங்க?”

“நீ சொன்னா சண்டை மாதிரி இருக்கும்மா. அவ சொன்னா தகவல் மாதிரி இருக்கு.”

“ஓ, தகவலா! அப்போ தகவல்கிட்டயே கேட்டுச் சாப்பிடுங்க!”

அவர் சிரித்துக்கொண்டே சமையலறைப் பக்கம் போனார். அங்கே போய் எதையோ சொன்னார். தங்கை சிரித்தாள். அந்தச் சிரிப்பு நடை வழியாக வந்து படுக்கையில் இவள் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டது.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். பொறாமை கெட்டதுதான், யார் இல்லை என்றார்கள்? இருந்தாலும் மருந்து செய்யாததை அது செய்தது. பிசியோ பெண் காலைப் பத்து தடவை நீட்டி மடக்கச் சொன்னால், முன்னறையில் மிஷின் ஓடும் நேரம் பார்த்து இவள் இருபது தடவை நீட்டி மடக்கினாள். டீச்சர் குரல் கேட்ட நாளில் முப்பது. வாக்கரைப் பிடித்து எழுந்து நின்றாள். அறையின் வாசல்வரை போனாள். அடுத்த வாரம் நடையில் பாதி தூரம்.

“என்னம்மா திடீர்னு இவ்வளவு முன்னேற்றம்! என்ன சாப்பிடறீங்க?” என்று பிசியோ பெண் வியந்தாள்.

“மனசுக்குள்ளயே கொஞ்சம் எரிச்சுச் சாப்பிடறேன்” என்று சொல்லலாமா? “எல்லாம் உன் கைராசி” என்றாள்.

நடையின் முடிவில் முன்னறைக்கு ஒரு சின்ன வாசல்படி. அதைத் தாண்டி நாலடியில்தான் அவள் விழுந்த இடம். அந்தப் படியில் கால் வைக்கும்போதெல்லாம் உடம்பில் இருந்த தெம்பு முழுக்க உள்ளங்கால் வழியாக வடிந்துவிடும். ஒவ்வொரு முறையும் அங்கிருந்தே திரும்பினாள். எட்டிப் பார்த்தால் தன் மிஷினும் அதன்மேல் குனிந்த தங்கையின் முதுகும் தெரியும்.

“அக்கா, வா, நான் பிடிச்சுக்கறேன்” என்று தங்கை எழுந்து வருவாள்.

“நீ பிடிச்சு நான் நடந்தா அதுக்குப் பேரு நடையாடி?” என்று திரும்பிவிடுவாள்.

கொஞ்சம் நொண்டத்தான் செய்தது. வலியால் நொண்டுகிறது, வலி போனால் நேராகிவிடும் என்று அவளே தீர்ப்பும் எழுதிவைத்திருந்தாள்.

ஒரு காலையில் கண் மூடிக் கிடந்தபோது நடையில் இரண்டு குரல்கள் கிசுகிசுத்தன.

“இப்ப சொல்ல வேணாம் மாமா. தாங்க மாட்டா.”

“எப்பவாவது சொல்லித்தானே ஆகணும்.”

“டீச்சர் வேலை முடியட்டும். அதுக்கப்புறம் நானே சொல்றேன்.”

டெய்லரம்மா கண்ணைத் திறக்கவில்லை. டீச்சர் வேலை என்ன என்று அவளுக்குத் தெரியும். பள்ளி நாடகத்துக்கு முப்பது பிள்ளைகளுக்கு அங்கி தைக்க வேண்டும். வியாழக்கிழமை நாலு மணிக்கு டீச்சர் அளவுப் பட்டியலோடு வருகிறாள். அந்த வேலையைத் தங்கை கையில் வாங்கிவிட்டால் தெரு முழுக்கத் தங்கை கடை என்றுதான் பேசும். அதற்கப்புறம் என்ன சொல்லப் போகிறாள்? “அக்கா, நீ ஓய்வெடு, கடையை நான் பார்த்துக்கறேன்” என்பாள். வேறென்ன இருக்கிறது, தாங்க முடியாத அளவுக்குச் சொல்வதற்கு?

வியாழக்கிழமை நாலு மணிக்கு டீச்சர் உள்ளே வரும்போது மிஷின் முன்னால் இருக்கும் ஸ்டூலில் தான் உட்கார்ந்திருக்க வேண்டும். அப்படி உட்கார்ந்திருந்தால் கடை தன்னுடையது. இல்லாவிட்டால் இல்லை. அன்றே மனதில் முடிச்சுப் போட்டாள்.

வியாழக்கிழமை மதியம் அங்கிகளுக்கு லைனிங் துணி வாங்கத் தங்கையும் கண்டக்டரும் கிளம்பினார்கள்.

“நாலுக்குள்ள வந்துடுவோம்க்கா. எழுந்திருக்காதே, என்ன?”

“எழுந்து எங்க போகப் போறேன், சினிமாவுக்கா?”

கதவு சாத்தியது. உடனே எழுந்து உட்கார்ந்து, டீச்சர் முன்னால் படுத்துக் கசங்கிய துணியோடு போகக் கூடாது என்று, மடித்து வைத்திருந்த நைட்டிகளில் நல்லதாக ஒரு நீல நைட்டியை எடுத்து மடியில் விரித்தாள். ஆறு வாரமாகத் துவைத்து மடித்து வைத்ததெல்லாம் தங்கை. இவள் தலை வழியாக மாட்டிக்கொண்டதோடு சரி. இன்றுதான் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒரு துணியைத் துணியாகப் பார்த்தாள்.

அடிமடிப்பு கோணல்!

இடது பக்கம் சரியாக இருக்கிறது. வலது பக்கம் கிட்டத்தட்ட ஒரு அங்குலம் ஏறி, முன்னும் பின்னும் சரிந்து சரிந்து இறங்கியிருக்கிறது. புது நூல். கைத்தையல். இது தன்னுடைய வேலை இல்லை. தங்கை பிரித்து மறுபடி மடித்திருக்கிறாள். எதற்கு? தெரியவில்லை. ஆனால் கோணல்!

கேளுங்கள், ஏழு வாரத்தில் அப்படி ஒரு சந்தோஷம் அவளுக்கு வந்ததில்லை. பழுப்பு நிற நைட்டியை எடுத்துப் பார்த்தாள். அதுவும் கோணல். அதே பக்கம். “என்ன கை உங்க கை! வாங்க டீச்சர், வந்து பாருங்க உங்க சின்னம்மா கையை. காலரைத் தவிர எதையும் தைக்கத் தெரியாத கையை!” என்று அறைக்குக் கேட்கும்படி சொன்னாள். இருபத்தாறு வருஷ ஆலைக்கு ஒரு நேர்க்கோடு வரவில்லை!

தலைமாட்டு டப்பாவில் ஊசி இருந்தது. நீல நைட்டியின் வலது பக்கத்தை முழுக்கப் பிரித்தாள். இடது பக்கத்தோடு சேர்த்து வைத்து, விரலால் தேய்த்து, ஒரே மட்டமாக மடித்துத் தைத்தாள். தையல் ஒரே சீராக ஓடியது. பல்லால் நூலைக் கடித்தபோது மணி மூன்றரை. மாட்டிக்கொண்டாள். தலையை வாரிக்கொண்டாள். வாக்கரைப் பிடித்து எழுந்தாள்.

நடை முழுவதும் வெற்றி ஊர்வலம்தான். வாசல்படி வந்தது. உள்ளங்கால் வழியாகத் தெம்பு வடிய ஆரம்பித்தது. “நாலு அடி. நாலே நாலு அடி” என்று தனக்குத்தானே அதட்டிக்கொண்டு வாக்கரைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்தாள். இடது கால் தாண்டியது. வலது கால் தாண்டியது. முன்னறை! ஏழு வாரத்துக்குப் பிறகு தன் கடைக்குள் நின்றாள்.

அடுத்த அடி எடுத்தபோது ஏதோ அவளைக் கீழேயிருந்து பிடித்து இழுத்தது.

வாக்கர் ஒரு பக்கம் சாய்ந்து தடாலென்று விழுந்தது. அவள் பாய்ந்து இஸ்திரி மேஜையின் விளிம்பை இரண்டு கையாலும் பற்றினாள். விழவில்லை. ஆனால் நகரவும் முடியவில்லை. குனிந்து பார்த்தாள். வலது காலடியில் நைட்டியின் ஓரம். தன் துணியைத் தானே மிதித்துக்கொண்டு நிற்கிறாள். காலைத் தூக்கினால் விடுபடும். தூக்கினால் விழுவேன் என்றது உடம்பு. ஸ்டூல் இரண்டடி தூரத்தில் இருந்தது. இரண்டடி.

அப்படியே நின்றாள். நெற்றி வியர்வை மேஜைமேல் சொட்டியது. நிற்கிறவளுக்கு யோசிப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. இடது பக்கத்துத் துணி கணுக்காலுக்குக் கீழே அழகாக நிற்கிறது. வலது பக்கம் தரையில் கிடக்கிறது. தைத்தது தான்தான். மட்டம் பார்த்துத்தான் தைத்தாள். துணி நேர். அப்படியானால்?

நாற்பது வருஷம் ஊர் உடம்பையெல்லாம் பார்த்த கண்ணுக்கு அது ஒரு நொடி வேலை. ஆனால் அந்த ஒரு நொடியைத் தள்ளிப்போட அவள் எவ்வளவோ முயன்றாள்.

கதவு திறந்தது. தங்கைதான், துணிப் பையோடு.

“அக்கா!”

“கத்தாதே. மாமா எங்க?”

“யாரோ பழைய டிரைவராம், தெருமுனையில நின்னு பேசறாரு. அசையாதே, வர்றேன்.” பையைப் போட்டுவிட்டு ஓடிவந்து ஒரு கையால் அக்காளின் இடுப்பைச் சுற்றிப் பிடித்தாள். “காலைத் தூக்கு.”

“தூக்க முடிஞ்சா தூக்கியிருக்க மாட்டேனா? வேடிக்கைக்கா நிக்கறேன்?”

தங்கை குனிந்து துணியை மெல்ல உருவினாள். உருவியவள் ஓரத்தைப் பார்த்துவிட்டு அப்படியே மண்டியிட்டாள்.

“பிரிச்சியா?”

“கோணலா இருந்தது. சரி பண்ணினேன்.”

தங்கை நிமிரவில்லை. “கோணல் துணியில இல்லக்கா.”

டெய்லரம்மா மேஜை விளிம்பை விடாமல் கேட்டாள்.

“எவ்வளவு?”

“உட்காரு முதல்ல.”

“எவ்வளவுன்னு கேட்டேன்.”

“முக்கால் அங்குலம். எலும்பு சேர்றப்போ கொஞ்சம் இறங்கி, வலது கால் குட்டையாயிடுச்சாம். வலது பக்கம் உனக்குத் துணி தரையைத் தொட்டுது. தடுக்கிடுவியோன்னு ஏத்தித் தைச்சேன்.”

“எப்படி அளந்தே?”

“நீ தூங்கினப்போ. ரெண்டு தடவை.”

“ரெண்டு தடவை எதுக்கு?”

“முதல் தடவை நம்பலை.”

டெய்லரம்மாவுக்குக் கோபம்தான் வந்தது. “என்னை அளந்திருக்கா! ஊரையே அளந்தவளைத் தூங்கறப்போ அளந்திருக்கா! யார் யாருக்குத் தெரியும்?”

“மாமாவுக்கு. பிசியோ பொண்ணுக்கு. செருப்புக்குள்ள உயரம் கூட்ட ஒரு துண்டு வச்சுத் தர்றேன்னு சொல்லியிருக்கா.”

“ஆக, என் கால் விஷயம் என்னைத் தவிர எல்லாருக்கும் தெரியும். இதைத்தான் நடையில நின்னு குசுகுசுன்னீங்களா? நான் வேற என்னமோ நினைச்சேன்.”

“என்ன நினைச்சே?”

“நீ கடையை எழுதி வாங்கப் போறேன்னு நினைச்சேன்.”

தங்கை முதலில் சிரித்தாள். பிறகு சிரிப்பை விட்டுவிட்டு அக்காளை மெல்ல நடத்திக்கொண்டு போய் ஸ்டூலில் உட்கார வைத்தாள். அதன்பின் தானும் தரையில் உட்கார்ந்தாள்.

“சொன்னா நீ எழுந்திருக்கவே மாட்டேக்கா. உனக்கு எல்லாம் நேரா இருக்கணும். சின்ன வயசுல என் வகிடு கோணலா இருந்தா அழிச்சு அழிச்சு எடுப்பியே, தலை எரியும். அதான் சொல்லலை. ஆனா நீ நினைச்சதுல கொஞ்சம் உண்மை இருக்கு. மறைக்க மாட்டேன்.”

“என்ன உண்மை?”

“இந்த இடம் எனக்குப் பிடிச்சிருந்தது. இருபத்தாறு வருஷம் காலர் தைச்சேன். ஒரு காலர் யார் கழுத்துக்குப் போச்சுன்னு தெரியாது. இங்க டீச்சர் கண்ணாடி முன்னாடி ஒரு சுத்து சுத்தினாங்க பாரு, அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரலை.”

அந்தச் சுற்று எப்படி இருக்கும் என்று டெய்லரம்மாவுக்கு நன்றாகத் தெரியும். நாற்பது வருஷமாக அதைப் பார்த்துத்தான் சாப்பாடு இறங்கியது. அதையும் இவளுக்குக் கொடுக்க வேண்டுமா என்று நெஞ்சுக்குள் ஏதோ சுருக்கென்றது. அதே சமயம், இருபத்தாறு வருஷம் ஒருத்தி அதைப் பார்க்காமலே தைத்திருக்கிறாளே என்றும் இருந்தது. இரண்டும் ஒன்றை ஒன்று தள்ளிவிடவில்லை. பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தன.

“எனக்கு வயிறு எரியுதுடி” என்றாள்.

“தெரியும். நீ பல்லைக் கடிக்கிறது மிஷின் சத்தத்தையும் மீறிக் கேட்கும்.”

“கேட்டுமா வேகமா தைச்சே?”

“கேட்டதாலதான். மிஷின் நின்னா நீயும் காலை நீட்டறதை நிறுத்திடறேன்னு கண்டுபிடிச்சேன். சில நாள் வேலையே இருக்காது. பழைய துணியைப் போட்டு ஓட்டுவேன்.”

“அடிப்பாவி!” என்றாள் டெய்லரம்மா. அதற்குள் கண்டக்டர் உள்ளே வந்தார். மனைவி ஸ்டூலில், மைத்துனி தரையில், வாக்கர் கவிழ்ந்து கிடக்கிறது. அவர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

“என்ன, இறங்க வேண்டிய ஸ்டாப்ல எல்லாரும் இறங்கியாச்சா?”

“முக்கால் அங்குலம் குறைஞ்ச பொண்டாட்டி, உங்களுக்குச் சம்மதமா?”

அவர் ஏதோ வேடிக்கையாகச் சொல்லத்தான் நினைத்தார். கவிழ்ந்த வாக்கரை எடுத்து நிமிர்த்தி அவள் கைக்கு எட்டும்படி வைத்தார். “நீ விழுந்த அன்னைக்கு முழுசாப் போயிடுவியோன்னு நினைச்சேன். முக்கால் அங்குலத்தோட விட்டுச்சேன்னு இருக்கேன்” என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வாசலில் டீச்சர். கையில் நீளமாக ஒரு பட்டியல்.

“சின்னம்மா!” என்று கூப்பிட்டுக்கொண்டே வந்தவள் ஸ்டூலைப் பார்த்து நின்றாள். “அடடே, டெய்லரம்மா! எழுந்தாச்சா!”

முதலில் வந்தது ‘சின்னம்மா’தான். டெய்லரம்மா அதைக் காதில் வாங்கி ஓரமாக வைத்தாள். சுருக்கென்றது. இருக்கட்டும்.

“வாங்க டீச்சர். பட்டியலைக் குடுங்க.” கண்ணாடியைச் சரிசெய்து மேலிருந்து கீழே பார்த்தாள். “தோள் இருக்கு, மார்பு இருக்கு, நீளம் ஒண்ணுதான் போட்டிருக்கு. ரெண்டு பக்கமும் அளக்கலையா?”

“நீளத்துக்கு ரெண்டு பக்கமா? ஒண்ணுதானேம்மா?”

“இல்லை டீச்சர். ஒண்ணு இல்லை. முப்பது பிள்ளைங்கள்ல யாராவது ஒருத்தர் தடுக்கி விழுந்தா மேடையில அதைத்தான் எல்லாரும் பார்ப்பாங்க. நாளைக்கு என் தங்கச்சி பள்ளிக்கூடத்துக்கு வருவா. ரெண்டு பக்கமும் அளப்பா. அவளுக்கு அது நல்லா வரும்.”

தங்கை தரையிலிருந்து தலையை நிமிர்த்திப் பார்த்தாள்.

“பார்க்காதே. அளக்கறது, தைக்கறது நீ. பார்த்துச் சரி சொல்றது நான். போட்டுக்கிட்டு பிள்ளைங்க கண்ணாடி முன்னாடி சுத்தறப்போ ரெண்டு பேரும் இருப்போம். நீ மட்டும் முன்னாடி போய் நிக்கக் கூடாது, சொல்லிட்டேன்.”

“சரிக்கா.”

“அந்தப் பழுப்பு நைட்டியை எடுத்துட்டு வா. ஊசியும்.”

“அதை நான் ஏற்கெனவே ஏத்தித் தைச்சிருக்கேன்க்கா. சரியாத்தான் இருக்கு.”

“சரியா இருக்கா? சரியுற இடத்துல உன் நூல் வெளியே தெரியுது. கோணலா தைக்கறதுன்னாலும் ஒழுங்கா தைக்க வேணாமா?” டெய்லரம்மா கையை நீட்டினாள். “குடு. என் கோணலை நானே தைச்சுக்கறேன்.”